பிறந்தது எங்கே, எப்போது, யாருக்கு? – குடியுரிமை ஆவணங்கள் குறித்த வாசகர் கேள்விகள்

தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் 2025 நவம்பர் 4 அன்று தொடங்கியதிலிருந்து, குடியுரிமைக்கு எந்தெந்த ஆவணங்கள் வேண்டும் என்று கேட்டு வரும் கடிதங்கள் பெருகிவிட்டன. அவற்றுள் பலருக்கும் பொருந்தக்கூடிய கேள்விகளைத் தேர்ந்தெடுத்து இந்த இதழில் விடை எழுதியிருக்கிறேன். சொந்தக் குடும்பச் செய்திகள் கலந்திருப்பதால், கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறித்துள்ளேன்.

கேள்வி: என்னிடம் ஆதார், குடும்ப அட்டை, வாக்காளர் அடையாள அட்டை, பான் அட்டை ஆகிய நான்கும் இருக்கின்றன. இவற்றில் ஒன்றுகூடக் குடியுரிமைக்குச் சான்றாகாது என்கிறார்கள். அப்படியானால் எதுதான் சான்று? (வாசகி, விருதுநகர்)

பதில்: அம்மா, இதற்கு ஒரே சொல்லில் விடை சொல்ல முடிந்திருந்தால் நாட்டில் இத்தனைக் குழப்பம் ஏற்பட்டிருக்காது. இந்தியாவில் பிறந்து, பிறப்பினாலேயே குடியுரிமை பெற்ற ஒருவருக்கு, ‘இவர் இந்தியக் குடிமகன்’ என்று எழுதி அரசு வழங்கும் தனிச் சான்றிதழ் நடைமுறையில் இல்லை. அத்தகைய சான்றிதழ், 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5, 6ஆம் பிரிவுகளின்கீழ் விண்ணப்பித்துக் குடியுரிமை வாங்கியவர்களிடம் மட்டுமே இருக்கும். ஒருவருடைய குடியுரிமையில் ஐயம் எழும்போது மத்திய அரசு சான்றளிக்கலாம் என்று அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது என்றாலும், மத்திய அரசு தக்கதெனக் கருதும் நேர்வுகளுக்கு மட்டுமே அது உரியது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கும் சான்றிதழ்களின் வரிசையில் அதை வைக்க முடியாது.

உங்களிடம் உள்ள நான்கு அட்டைகளையும் தனித்தனியே பார்ப்போம். ஆதார் எண் தன்னளவில் குடியுரிமைக்குச் சான்றாகாது என்பதை 2016ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 9ஆம் பிரிவே கூறிவிட்டது. விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதங்களில் 182 நாட்கள் இங்கே தங்கியிருந்த வெளிநாட்டவரும் ஆதார் பெறலாம் என்பதால் அதில் வியப்பில்லை. பான் அட்டை வரி செலுத்துவோருக்கானது. அதை வெளிநாட்டவரும் வாங்கலாம். குடும்ப அட்டை உணவுப் பொருள் பெறுவதற்கானது. வாக்காளர் அட்டையின் நிலை மட்டும் சற்று வேறானது: அரசமைப்புச் சட்டத்தின் 326ஆம் உறுப்பின்படி குடிமக்களே வாக்காளராக முடியும் என்பதால், அந்த அட்டை உங்கள் குடியுரிமையை ஏற்கெனவே ஓர் அதிகாரி ஏற்றுக்கொண்டதைக் காட்டுகிறது. எனினும் அதுவும் முடிந்த முடிவாகாது. ஆதார், பான், வாக்காளர் அட்டை ஆகியவற்றை வைத்திருப்பதால் மட்டுமே ஒருவர் குடிமகன் ஆகிவிட மாட்டார் என்று 2025 ஆகஸ்ட் மாதத்தில் மும்பை உயர் நீதிமன்றமும் கூறியது. இந்த வரிசையில் எடை மிகுந்தது பாஸ்போர்ட். இந்தியக் குடிமகனல்லாதவருக்கு அதை மறுக்க வேண்டும் என்று 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 6ஆம் பிரிவு கட்டளையிடுகிறது.

இதில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நமக்குக் குடியுரிமையைத் தருவது சட்டம். அதை எந்த அட்டையும் தருவதில்லை. ஒருவர் எங்கே பிறந்தார், எந்தத் தேதியில் பிறந்தார், அப்போது அவருடைய பெற்றோர் யாராக இருந்தனர் என்ற மூன்று செய்திகளை வைத்துச் சட்டம் அவரைக் குடிமகன் என்று கொள்கிறது. எனவே, குடியுரிமை ஆவணம் என்று நாம் தேட வேண்டியது இந்த மூன்று செய்திகளை நிறுவும் தாள்களைத்தான். பிறப்புச் சான்றிதழ் ஒன்றிலேயே இம்மூன்றும் அடங்கிவிடுவதால், மற்ற எல்லாவற்றையும்விட அதற்கு முதலிடம் தருகிறேன். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றிக் குறிப்பே இல்லை. நான்கு அட்டைகளையும் உள்ளே வைத்துவிட்டு முதலில் அதைத் தேடுங்கள்.

கேள்வி: வாக்காளர் பட்டியல் படிவத்தில், 1975இல் பிறந்த எனக்கு என் ஆவணம் மட்டும் போதுமாம், 2006இல் பிறந்த என் மகளுக்குப் பெற்றோர் இருவருடைய ஆவணமும் வேண்டுமாம். ஒரே வீட்டில் இந்த வேறுபாடு ஏன்? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: சட்டம் இருமுறை மாறியதன் விளைவு இது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டினராக இருந்தாலும் பிறப்பினாலேயே குடிமகன். வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற ஓரிரு விலக்குகளே உண்டு. 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது அப்போது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்குப் பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். உங்களுக்குப் பிறந்த இடமும் தேதியும் போதும். உங்கள் மகளுக்கோ உங்கள் இருவரின் குடியுரிமையும் கணக்கில் வருகிறது.

இந்த வாக்காளர் பட்டியல் திருத்தப் பணிக்கெனத் தேர்தல் ஆணையம் குறித்த 11 ஆவணங்களில் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், அரசு ஊழியர் அட்டை அல்லது ஓய்வூதிய ஆணை, பத்தாம் வகுப்பு உள்ளிட்ட கல்விச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், அரசு ஒதுக்கிய நிலம் அல்லது வீட்டுக்கான ஆணை ஆகியவை அடங்கும். பலர் கவனிக்கத் தவறும் ஒன்றும் அப்பட்டியலில் இருக்கிறது: 1987 ஜூலை 1க்கு முன் அரசு, உள்ளாட்சி அமைப்பு, வங்கி, அஞ்சலகம், எல்.ஐ.சி. ஆகியவை வழங்கிய எந்த அடையாள ஆவணமும் ஏற்கப்படும். பரணில் கிடக்கும் பழைய அஞ்சலகச் சேமிப்புக் கணக்குப் புத்தகத்தையும் முதிர்ந்துபோன எல்.ஐ.சி. பத்திரத்தையும் பழைய தாள்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஆதாரையும் சேர்த்துக்கொள்ளுமாறு 2025 செப்டம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆனால், அது அடையாளத்துக்கு மட்டுமே, குடியுரிமைக்கு ஆகாது என்பதையும் அப்போதே தெளிவுபடுத்தியது.

கேள்வி: என் தாயார் 1948ஆம் ஆண்டு கிராமத்தில், வீட்டிலேயே பிறந்தவர். பள்ளிக்கூடம் சென்றதில்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை. அவர் என்ன செய்ய வேண்டும்? (வாசகர், பட்டுக்கோட்டை)

பதில்: நான் மிகுந்த கவலையோடு படித்த கடிதம் இது. இதே நிலையில் உள்ள முதியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். ‘சான்றிதழ் இல்லை’ என்று உறுதியாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில், நாம் அதைத் தேடிப் பார்த்ததில்லை என்பதே பல குடும்பங்களின் நிலை. சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுக்கு 1899ஆம் ஆண்டே சட்டம் இருந்தது. கிராமங்களில் பிறப்புகளைக் கிராம அலுவலர்கள் எழுதி அனுப்பினார்கள். அந்தப் பழைய பதிவேடுகள் இன்று சார்பதிவாளர் அலுவலகத்திலோ தாலுகா அலுவலகத்திலோ இருக்கக்கூடும். எனவே, வீட்டில் பிறந்தார் என்பதாலேயே பதிவு இருக்காது என்று முடிவுகட்ட வேண்டாம்.

என் தாயாரின் பிறப்பைத் தேடி நான் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சென்றதைச் சொல்கிறேன். 1952 நவம்பரில் தஞ்சைக் கடற்கரையைத் தாக்கிய புயலுக்கு அடுத்த ஆண்டு பிறந்தவர் என்பதே வீட்டில் சொல்லக் கேட்டது. எனவே 1953ஆம் ஆண்டுக்குத் தேடுதல் கட்டணம் செலுத்தினேன், கிடைக்கவில்லை. மறுபடியும் பணம் கட்டி 1954ஐத் தேடச் சொன்னேன். நூல் தைத்த பெரிய பதிவேடு. ஓரங்கள் உதிர்ந்து, மை பழுப்பேறியிருந்தது. எழுத்தர் வரி தவறாமலிருக்க ஓர் அடிக்கோலை வைத்து நகர்த்திக்கொண்டே வந்தார். பாட்டனாரின் பெயர், பாட்டியாரின் பெயர், ஊர், தேதி எல்லாம் சரியாக இருந்த அந்த வரியில் குழந்தையின் பெயருக்கான இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. பாலினத்துக்கு நேரே ‘பெண்’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். பெயர் சூட்டும் முன்பே பதிவு செய்வது அக்கால வழக்கம் என்பதால், பழைய பதிவுகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பெயரில்லாப் பதிவைக் கண்டு திரும்பிவிடாதீர்கள். அதன் சான்றிட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். உடன்பிறந்தோரின் பிறந்த ஆண்டுகளோடு ஒப்பிட்டு, அது உங்கள் தாயாரையே குறிக்கிறது என்பதைப் பிற ஆவணங்களால் காட்ட முடியும்.

பதிவு உண்மையிலேயே இல்லையெனில், இல்லை என்பதற்கான சான்றை எழுத்தில் பெறுங்கள். அதன் பிறகு காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட பிறப்பைப் பதிய நடுவரின் ஆணை வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, மாவட்ட ஆட்சியரோ கோட்டாட்சியரோ மாவட்ட ஆட்சியரால் அதிகாரமளிக்கப்பட்ட நிர்வாக நடுவரோ விசாரித்து அந்த ஆணையைத் தருவார்.

சட்டப்படி உங்கள் தாயாரின் நிலை வலுவானது. 1950க்கு முன் பிறந்த அவருக்கு அரசமைப்புச் சட்டத்தின் 5ஆம் உறுப்பு பொருந்தும்: அரசமைப்பு தொடங்கும்போது இந்தியாவை வாழ்விடமாகக் கொண்டிருந்து, இந்த ஆட்சிப்பரப்பில் பிறந்தவர் அல்லது பெற்றோரில் ஒருவர் இங்கே பிறந்திருக்கப் பெற்றவர் குடிமகன் ஆவார். பிறப்புச் சான்றிதழ் கிடைக்காத நிலையில், அவர் பெயர் உள்ள பழைய வாக்காளர் பட்டியல், தகப்பனாரின் நிலப் பட்டா, பாகப்பிரிவினைப் பத்திரம், முதியோர் ஓய்வூதிய ஆணை ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். 2002, 2005 ஆண்டுகளில் நடந்த தீவிரத் திருத்தத்தின்போது வெளியான பட்டியல்களைத் தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தேடலாம். ஏற்கெனவே பட்டியலில் இடம்பெற்றவரின் பெயர் உரிய நடைமுறைப்படியே சேர்க்கப்பட்டது என்று கொள்ள வேண்டும் என 1995ஆம் ஆண்டு லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது, உங்கள் தாயாரைப் போன்றோருக்குப் பெரிய துணை.

கேள்வி: பள்ளிச் சான்றிதழில் என் பிறந்த தேதி ஜூன் 4, ஜாதகத்தில் மாசி மாதம். பெயரும் ஒவ்வொரு அட்டையிலும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. இதனால் குடியுரிமைக்கே ஆபத்து வருமா? (வாசகர், அறந்தாங்கி)

பதில்: உங்கள் தலைமுறையில் பாதிப் பேருக்கு ஜூன் மாதத்தில்தான் பிறந்தநாள். கையைத் தலைக்கு மேலே வளைத்து மறுபக்கக் காதைத் தொட்டால் ஐந்து வயது நிரம்பிவிட்டதாகக் கொண்டு, பள்ளி திறக்கும் மாதத்துக்கு ஏற்றாற்போல் ஒரு தேதியைத் தலைமையாசிரியரே எழுதிக்கொண்ட காலம் அது. அதே மாற்றுச் சான்றிதழில் தேசிய இனம் என்ற இடத்தில் ‘இந்தியன்’ என்று எழுதியிருப்பதை வைத்து, குடியுரிமை உறுதியாகிவிட்டது என்றும் எண்ண வேண்டாம். அது பெற்றோர் சொல்ல, பள்ளி எழுதிக்கொண்டது. ஆனால் பிறந்த தேதிக்கும் தகப்பனார் பெயருக்கும் அந்தச் சான்றிதழ் நல்ல ஆவணம்தான்.

பெயர்க் குழப்பத்தில் நமக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தைத்தான் நாம் முன்னெழுத்தாகப் போடுகிறோம். அதைக் குடும்பப் பெயராக விரித்து எழுதச் சொல்லும் படிவங்களில் தந்தை பெயர் மகன் பெயராகவும், மகன் பெயர் தந்தை பெயராகவும் இடம் மாறிவிடுகின்றன. ‘மு. செல்வம்’ என்பவர் ஓர் அட்டையில் முத்தையா செல்வம், இன்னோர் அட்டையில் செல்வம் முத்தையா, மற்றொன்றில் முன்னெழுத்தே இல்லாத செல்வம். இத்துடன் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறுபாடும் சேர்ந்துகொள்கிறது. எழுத்துப் பிழை போன்ற சிறு முரண்பாடுகளைக் காட்டி ஒருவரை வெளிநாட்டவர் என்று கொள்ள முடியாது என்று 2024 ஜூலையில், அசாமைச் சேர்ந்த ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால், அந்த மனிதர் அத்தீர்ப்பை அடைவதற்குள் பன்னிரண்டு ஆண்டுகள் வெளிநாட்டவர் என்ற முத்திரையோடு வாழ வேண்டியிருந்தது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஆகவே இன்றே ஒரு வேலை செய்யுங்கள். உங்களிடமுள்ள எல்லா ஆவணங்களையும் மேசைமேல் பரப்பி, பெயர், முன்னெழுத்து, தந்தை பெயர், தாய் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் ஆகியவற்றை ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதுங்கள். எந்த ஆவணத்தை அடிப்படையாகக் கொள்வது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, மற்றவற்றை அதற்கேற்பத் திருத்துங்கள். பிறப்புச் சான்றிதழ் இருந்தால் அதுவே அடிப்படை, இல்லையெனில் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ். முதலில் ஆதாரை மாற்றிவிட்டு, அதைக் காட்டிப் பிறவற்றை மாற்றும் குறுக்கு வழியில் பலர் போகிறார்கள்; பின்னர் பாஸ்போர்ட் விசாரணையில் அவர்களால் விளக்கம் சொல்ல முடிவதில்லை. பெயரே வேறாகிவிட்ட நிலையில், அரசிதழில் பெயர் மாற்ற அறிவிக்கை வெளியிட்டு அதை நிலையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: திருமணத்துக்குப் பின் என் ஆவணங்கள் அனைத்தும் கணவர் பெயரோடு இருக்கின்றன. நான் இன்னாரின் மகள் என்று காட்ட ஒன்றும் இல்லை. தகப்பனாரும் காலமாகிவிட்டார். (வாசகி, ஆரணி)

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, சகோதரி. அசாமில் 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சத்து 6 ஆயிரத்து 657 பேர் விடுபட்டார்கள். அந்தப் பணியின்போது, பிறந்த வீட்டோடு தம்மை இணைக்கும் ஆவணம் இல்லாமல் திணறியவர்களில் திருமணமான பெண்கள் மிகுதி. ஊராட்சிச் செயலர் தரும் சான்றையே அவர்களில் பலர் நம்பியிருந்தார்கள். அது செல்லாது என்று உயர் நீதிமன்றம் கூறியபின், உரிய சரிபார்ப்புக்கு உட்பட்டு அதை ஏற்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூற வேண்டியிருந்தது.

உங்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. தகப்பனார் காலமானபோது வாங்கிய வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயர் ‘மகள்’ என்ற உறவுமுறையோடு இருக்கும். சொத்துக்குத்தான் அது பயன்படும் என்று எண்ணி, அண்ணன் வீட்டில் விட்டுவைத்திருப்பீர்கள். ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், பிறந்த வீட்டின் பழைய குடும்ப அட்டை, தகப்பனார் பெயர் உள்ள திருமணப் பதிவுச் சான்றிதழ், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டிருந்தால் அதன் நகல் என ஒவ்வொன்றும் உங்களைத் தகப்பனாரோடு இணைக்கும். மாற்றுச் சான்றிதழ் தொலைந்திருந்தாலும் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு இருக்கும். இரண்டாம்படி கேட்டு விண்ணப்பியுங்கள்.

கேள்வி: என் தந்தை 1972இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையின் மலையகத்திலிருந்து வந்தவர். அவருடைய பழைய பாஸ்போர்ட் சிதைந்துவிட்டது. ‘இலங்கைக்காரர்கள்’ என்று எங்களை அலுவலகங்களில் ஒதுக்கிப் பேசுகிறார்கள். (வாசகர், கோத்தகிரி)

பதில்: 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள இசைந்தது. அப்படி வந்தவர்கள் அகதிகள் அல்லர். இந்தியக் குடிமக்களாக ஏற்கப்பட்டு, இந்தியப் பாஸ்போர்ட்டோடு தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்து இறங்கியவர்கள். உங்களை ஒதுக்கிப் பேசும் ஊழியருக்கு இந்த வேறுபாடு தெரியவில்லை என்பது வருத்தத்துக்குரியது. அதற்கான விலையை நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. சிதைந்த பாஸ்போர்ட்டைத் தூக்கி எறியாதீர்கள். எண்ணும் நிழற்படமும் உள்ள பக்கங்களை உறையிலிட்டு, ஒளிநகல் எடுத்து வையுங்கள். அத்துடன் தாயகம் திரும்பியோருக்கு வழங்கிய குடும்ப அட்டை, மறுவாழ்வுக் கடன் அல்லது வீட்டு மனை ஆணை, உங்கள் தந்தை தமிழ்நாடு அரசு நிறுவனமான டான்டீயின் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்திருந்தால் அங்குள்ள பணிப் பதிவு ஆகியவற்றையும் சேருங்கள். நீங்கள் 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவராயின் உங்கள் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே போதும். அதன் பிறகு பிறந்தவராயின் தந்தையின் ஆவணத்தை அதனுடன் இணைக்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் ஈழத்திலிருந்து வந்து முகாமில் வாழும் குடும்பம். அக்கா 1986இலும் நான் 1989இலும் இங்கேயே பிறந்தோம். பெற்றோர் இருவரும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள். எங்களில் யார் இந்தியர்? (வாசகர், திருச்சி)

பதில்: தம்பி, உங்கள் அக்கா இந்தியர். 1986 ஏப்ரலில் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டபோது, 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்த அவர் பிறப்பினாலேயே குடிமகள் என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அவர் வெல்வதற்கு அடிப்படையாக இருந்தது மண்டபத்தில் பதிவான பிறப்புச் சான்றிதழ். அக்காவின் சான்றிதழும் அப்படியே பயன்படும். முதலில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கு என்ன எழுதுவதென்று நெடுநேரம் யோசித்தேன். மூன்றாண்டு பின்னால் பிறந்த ஒரே காரணத்தால், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகன் என்று காட்ட வேண்டிய கட்டத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானித்தான், வங்காளதேசம், பாகித்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோரை மட்டுமே குறிக்கிறது. இலங்கை அதில் இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைப் பாஸ்போர்ட், விசா இல்லாமைக்கான நடவடிக்கையிலிருந்து விலக்கி 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஆணை வெளியிட்டது. அச்சமின்றித் தங்கியிருக்க அது உதவும், ஆனால் குடியுரிமை தராது. பெற்றோரில் எவரேனும் மலையக வம்சாவளியினரா, பாட்டன் பாட்டி காலத்தில் இந்தியக் குடியுரிமைக்குப் பதிவு செய்தார்களா என்று விசாரியுங்கள். அப்படி ஒரு தாள் கிடைத்தால் உங்கள் வழக்கு வேறாகிவிடும். எது எவ்வாறாயினும் முகாம் பதிவு அட்டை, பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ்கள் மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள். இங்கே பிறந்து வளர்ந்து படித்த உங்களைப் போன்றோருக்குச் சட்டம் கதவைத் திறக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்நாளில் முதலில் கேட்கப்படுவன இந்த மூன்றாகவே இருக்கும்.

கேள்வி: என் தந்தை 1950இல் காரைக்காலில், பிரெஞ்சு ஆட்சியில் பிறந்தவர். அவர் இந்தியராவது எப்படி? (வாசகி, காரைக்கால்)

பதில்: காரைக்கால் உள்ளிட்ட பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவிடம் ஒப்படைத்து, 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின்படி, அப்பகுதிகளில் பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிகள், ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையை எழுத்து மூலம் தேர்ந்தெடுத்தால் ஒழிய, இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். தந்தையின் பிறப்புப் பதிவு நகராட்சியின் பழைய பிரெஞ்சுப் பதிவேட்டில் இருக்கக்கூடும், நகல் கேளுங்கள்.

கேள்வி: மகனும் மருமகளும் சிங்கப்பூரில் வேலை செய்யும் இந்தியக் குடிமக்கள். அங்கே பிறந்த பேரனுக்கு என்ன ஆவணம் வேண்டும்? (வாசகர், காரைக்குடி)

பதில்: பிறந்த ஓராண்டுக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். குழந்தைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழி தர வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் மத்திய அரசின் அனுமதி தேவைப்படும். ஓ.சி.ஐ. அட்டை வாங்கினால் போதுமே என்று சிலர் சொல்வார்கள். அது இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வெளிநாட்டுக் குடிமக்களுக்கு உரியது, இந்தியக் குடியுரிமையைக் காட்டாது.

கேள்வி: ஒருவர் குடிமகன் இல்லை என்று சொல்பவர்தானே அதை நிரூபிக்க வேண்டும்? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இயல்பான நீதி உணர்வு அப்படித்தான் சொல்லும். ஆனால் 1946ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்தின் 9ஆம் பிரிவு, தாம் வெளிநாட்டவர் அல்லர் என்று காட்டும் பொறுப்பைச் சம்பந்தப்பட்டவர் மீதே சுமத்தியது. அதற்குப் பதிலாக 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்திலும் அந்த நிலை தொடர்கிறது. மேலே சொன்ன 2024ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஒரு வரம்பை வைத்தது: வெறும் ஐயத்தின் பேரில் ஒருவரை அழைத்து நிரூபிக்கச் சொல்ல முடியாது, ஐயத்துக்கு அடிப்படையான செய்திகள் அதிகாரியிடம் இருக்க வேண்டும், அவற்றைச் சம்பந்தப்பட்டவருக்குத் தரவும் வேண்டும். எனவே யாருக்கேனும் அறிவிப்பு வந்தால், ஆவணங்களைத் தேடி ஓடும் முன், என்ன அடிப்படையில் ஐயம் என்று எழுத்தில் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. குறித்த தேதியில் ஆஜராகாமல் மட்டும் இருந்துவிடக் கூடாது.

கேள்வி: சென்ற வாரம் மகளுக்கு மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. பெயர் இன்னும் முடிவாகவில்லை. பிறப்புச் சான்றிதழை மெதுவாக வாங்கலாமா? (வாசகி, ஈரோடு)

பதில்: வாழ்த்துகள், அம்மா. பதிவுக்கு 21 நாட்கள் கெடு. மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் பிறப்பை மருத்துவமனையே தெரிவித்துவிடும் என்பதால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். பெயரைப் பின்னர் சேர்க்கலாம், ஓராண்டு வரை அதற்குக் கட்டணமும் இல்லை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் ஆகிய எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி, இடம் பற்றிய ஆவணம் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே என்று சட்டம் ஆக்கிவிட்டது. உங்கள் பேத்திக்கு ஜூன் மாதத்துப் பள்ளித் தேதி கைகொடுக்காது.

ஆகவே வீடு திரும்பும் முன் மருத்துவமனையில் நிரப்பும் படிவத்தை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். தாயின் பெயரை அவளுடைய பள்ளிச் சான்றிதழில் உள்ளபடியும், தகப்பனின் பெயரை முன்னெழுத்தோடு அவருடைய சான்றிதழில் உள்ளபடியும், தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓர் எழுத்துகூட மாறாமல் எழுதச் சொல்லுங்கள். அங்கே பேனாவால் திருத்த அரை நிமிடம் ஆகும். பதிவான பின் அதே எழுத்தைத் திருத்த விண்ணப்பம், ஆதார ஆவணங்கள், அலைச்சல் எல்லாம் வேண்டும்.